களைக்கொல்லி கலந்த குளத்தில் எந்தச் செடி பிழைக்கும், அதை எப்படித் தெரிந்துகொள்வது

குளத்துத் தண்ணீரில் களைக்கொல்லி கலந்துவிட்டது என்று சந்தேகம் வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, செடி பிழைக்குமா என்பது. என் பதில்: இலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இலை பச்சையாகவே இருந்தும் உள்ளே வேலை நின்றுபோன செடியைப் பார்த்திருக்கிறேன். இலையெல்லாம் அழுகிப்போய், இனி ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றிய இடத்தில் அடிக்கிழங்கிலிருந்து அல்லி மறுபடி கிளம்பியதையும் பார்த்திருக்கிறேன். வந்த மருந்து எது, அது தண்ணீரில் எவ்வளவு நேரம் நின்றது, அந்தச் செடி தன் சேமிப்பை எங்கே வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

நான் கவனித்துக்கொள்ளும் குளம் சிறியது. நடுவில் ஆளுயரத் தண்ணீர், ஓரத்தில் முழங்கால் அளவு. கரையை ஒட்டிச் சம்பு, அதற்கு உள்ளே அல்லி, தண்ணீருக்கு அடியில் ஹைட்ரில்லா, நாடா இலை விடும் வாலிஸ்னேரியா, நுணுக்கமாகப் பிளந்த இலையுள்ள மிரியோஃபில்லம், மேலே பொட்டுப் பொட்டாக மிதக்கும் லெம்னா. மேட்டில் மக்காச்சோள வயல். அதன் வடிகால் எங்கள் குளத்து மடைக்குத்தான் வந்து சேர்கிறது. பயிர் சிறியதாக இருக்கும்போது அங்கே களைக்கொல்லி அடித்தார்கள். அடித்த சூட்டோடு கனமழை. எந்த மருந்தாக இருந்தாலும், அடித்த பின் வரும் முதல் பெருமழைதான் அதிகமாக அள்ளிக்கொண்டு வரும். இரண்டு வாரம் மழை இல்லாமல் இருந்திருந்தால் அந்த மருந்தில் கொஞ்சம் மண்ணில் ஒட்டியிருக்கும், கொஞ்சம் சிதைந்திருக்கும். அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

வயல்காரர் எதையும் மறைக்கவில்லை. காலி டப்பாவையே கொண்டுவந்து காட்டினார். அட்ரசினும் 2,4-டியும் கலந்து அடித்திருக்கிறார். மக்காச்சோளத்துக்கு அது பரவலான பழக்கம்தான். மருந்தின் பெயர் தெரிந்தது எனக்குப் பெரிய உதவி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் குளத்தில் இப்படி நடந்தால், சண்டை போடுவதற்கு முன்னால் டப்பாவில் உள்ள வேதிப்பொருளின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். கடைப்பெயர் போதாது. பெயர் தெரியாமல் ஆய்வகத்துக்குத் தண்ணீர் அனுப்பினால் எதைத் தேடுவது என்று அவர்களுக்கும் தெரியாது. உதாரணமாக, பல மருந்துகளை ஒரே ஓட்டத்தில் தேடும் வழக்கமான சோதனையில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி பெரும்பாலும் அகப்படாது. அதற்குத் தனி முறை வேண்டும். தண்ணீர் மாதிரியைச் சந்தேகம் வந்த அன்றே எடுத்துவிட வேண்டும். பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டியில் விளிம்பு வரை நிரப்பி, குளிரில் வைக்க வேண்டும். ஒரு வாரம் யோசித்துவிட்டு எடுத்தால், வந்தது கரைந்து நீர்த்துப் போயிருக்கும்.

முதலில் மாறியது மிரியோஃபில்லம். நுனிகள் வளைந்து, தண்டு வழக்கத்தைவிட வேகமாக நீண்டு, திருகிக்கொண்டது. இது 2,4-டியின் கைவேலை. செடி தன் வளர்ச்சிக்குச் சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோனைப் போல அது நடிக்கிறது. அளவு மீறிய ஆக்சினில் திசுக்கள் தாறுமாறாக வளர்ந்து, சாறு கடத்தும் குழாய்கள் நசுங்கிப் போகின்றன. புல் இனங்களை அது அவ்வளவாகத் தொடுவதில்லை; மக்காச்சோளம் தப்பிப்பது அதனால்தான். சம்பும் வாலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் புல்லைப் போலவே ஒருவித்திலைச் செடிகள் என்பதால் அவற்றிலும் திருகல் தெரியவில்லை. அல்லி தப்பவில்லை. இலைக்காம்புகள் சுருண்டு, இலைகள் தண்ணீர்மட்டத்தில் படியாமல் ஓரம் தூக்கி நின்றன.

அந்த நேரத்தில் குளத்தைப் பார்க்க வந்த ஒருவர், லெம்னா பச்சைப்பசேல் என்று இருக்கிறதே, தண்ணீரில் ஒன்றும் இல்லை, நோயாக இருக்கும் என்றார். நல்ல அனுபவசாலிதான். ஆனால் லெம்னாவை மட்டும் நம்புவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உலகம் முழுக்கக் களைக்கொல்லிகளைச் சோதிக்க லெம்னாவைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பின் 221-ஆம் எண் சோதனை முறை அதற்கானது. 7 நாள் வைத்து இலைகள் எவ்வளவு பெருகின என்று எண்ணுவார்கள். லெம்னாவும் ஒருவித்திலைச் செடிதான், அதனால் 2,4-டி போன்ற மருந்துகள் அதில் அதிகம் தெரிவதில்லை. சேற்றில் வேர் விடுவதும் இல்லை. ஆகவே சேற்றில் படிந்த நஞ்சையும் அது சொல்லாது. இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்கத்தான் 2014-இல் மிரியோஃபில்லத்தை வைத்து 14 நாள் சோதனை முறைகள் சேர்க்கப்பட்டன. என் குளத்தில் முதலில் சுருண்ட அதே செடி!

சரி, லெம்னாவுக்கு உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லையா? ஆகியிருந்தது. நிறம் மாறவில்லை, பெருகுவது நின்றிருந்தது. நல்ல தண்ணீரில், வெயிலும் சத்தும் இருந்தால், இரண்டு மூன்று நாளில் லெம்னா இரட்டிப்பாகும். கையால் விலக்கிய இடம் அடுத்த சில நாட்களில் மூடிவிட வேண்டும். ஒரு மூலையில் குச்சியால் வளையம் போட்டு அதற்குள் இருந்த லெம்னாவில் பாதியை எடுத்துவிட்டேன். அந்த இடம் அப்படியே திறந்து கிடந்தது. இது அட்ரசினின் வேலை.

அட்ரசின் எப்படிக் கெடுக்கிறது என்று தெரிந்துகொண்டால் மீட்சியைப் பற்றிப் பாதி புரிந்துவிடும். ஒளிச்சேர்க்கையின் தொடக்கத்தில், வெயிலில் கிடைத்த எலக்ட்ரானைக் கைமாற்றிவிடும் புரதம் ஒன்று இருக்கிறது, டி1 என்பார்கள். எலக்ட்ரான் போய் உட்கார வேண்டிய இடத்தில் அட்ரசின் போய் உட்கார்ந்துகொள்கிறது. சில மணி நேரத்திலேயே ஒளிச்சேர்க்கை படுத்துவிடும். ஆனால் அது அங்கே நிரந்தரமாக ஒட்டிக்கொள்வதில்லை. தண்ணீரில் அதன் செறிவு குறைந்தால் விலகி வெளியே வந்துவிடும். டி1 புரதத்தையும் செடி ஓயாமல் புதிதாகச் செய்துகொண்டே இருக்கிறது. ஆகவே சேமிப்பு தீர்வதற்குள் நல்ல தண்ணீர் கிடைத்தால் செடி எழுந்துவிடும். டையூரான் என்ற களைக்கொல்லியும் இதே இனம். கெட்ட செய்தி, அட்ரசின் தண்ணீரில் சீக்கிரம் சிதையாது. வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் நிற்கும். மண்ணோடு அவ்வளவு இறுக்கமாக ஒட்டாது என்பதால்தான் மழையோடு இவ்வளவு சுலபமாக வந்தும் சேர்கிறது.

டைகுவாட் என்ற களைக்கொல்லியின் கதை நேர் எதிர். தெரிந்த ஒருவரின் குளத்தில் அடர்ந்து கிடந்த ஹைட்ரில்லாவை ஒழிக்க அதை ஊற்றினார்கள். அதுவும் ஒளிச்சேர்க்கையில்தான் கைவைக்கிறது, ஆனால் எலக்ட்ரானைத் திருடி ஆக்சிஜனிடம் கொடுத்து, செல்லின் சவ்வையே எரிக்கும் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. ஓரிரு நாளில் எல்லாம் பழுப்பாகிவிடும். அந்த இலை திரும்ப வராது. ஆனால் பட்ட இடத்தில் மட்டுமே எரிக்கும், வேருக்குள் போகாது. களிமண் துகளில் பட்டவுடன் ஒட்டிக்கொண்டு செயலிழந்தும் போகும். கலங்கல் தண்ணீரில் டைகுவாட் வேலை செய்யாததற்கு அதுதான் காரணம். அந்தக் குளம் சுத்தமாகிவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். சேற்றுக்குள் இருந்த சிறு கிழங்குகள் ஒன்றுகூடச் சாகவில்லை. அடுத்த மாதமே புதுத் தண்டுகள் வரிசையாக எட்டிப் பார்த்தன. ஹைட்ரில்லாவின் கிழங்குகள் சேற்றுக்குள் சில ஆண்டுகள்கூட உயிரோடு கிடக்கும்.

பார்க்கப் பயங்கரமாக இருந்த சேதம் மேலோட்டமானது. பார்க்கச் சாதாரணமாக இருந்தது ஆழமானது. இதற்கு இன்னும் நல்ல உதாரணம் மெட்சல்ஃபுரான், பென்சல்ஃபுரான் போன்ற சல்ஃபோனில்யூரியா மருந்துகள். ஹெக்டேருக்குச் சில கிராம் முதல் சில பத்துக் கிராம் வரைதான் அடிப்பார்கள். சில அமினோ அமிலங்களைச் செய்யும் நொதியை அவை முடக்குவதால் செடி கருகுவதில்லை, வாடுவதில்லை, வளர்வதை மட்டும் நிறுத்திவிடும். தண்ணீர் அமிலப் பக்கம் இருந்தால் இவை வேகமாகச் சிதையும்; காரத் தண்ணீரில் நெடுநாள் நிற்கும். உங்கள் குளத்தில் செடி பச்சையாகவே இருந்து ஒரு புதுத் தளிர்கூட விடவில்லை என்றால், மேட்டில் இந்த வகை அடித்தார்களா என்று விசாரியுங்கள்.

கிளைபோசேட்டைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். தண்ணீருக்குள் முழுக்க மூழ்கியிருக்கும் செடிகளுக்கு அது நினைப்பதுபோல் பெரிய எமன் அல்ல. தண்ணீரில் விழுந்தால் நீர்த்துப்போகும், சேற்றுத் துகளில் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். சம்பு, அல்லி மாதிரி இலை வெளியே இருக்கும் செடிகளில் பட்டால்தான் உள்ளே இறங்கி வேர்த்தண்டு வரை போய்க் கொல்லும். அதுவும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். வயலுக்கு விற்கும் சில கிளைபோசேட் கலவைகளில் இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் சோப்பு வகைப் பொருள்தான் மீனுக்கும் தலைப்பிரட்டைக்கும் கூடுதல் ஆபத்து. அதனால் வயல் டப்பாவைக் குளத்தோரம் கொண்டுபோகாதீர்கள்.

இப்போது என் குளத்துக்குத் திரும்புகிறேன். முதல் இரண்டு வாரம் நான் செடிகளைக் காப்பாற்ற எதுவும் செய்யவில்லை. அந்த நேரம் முழுக்க ஆக்சிஜனுக்காகத்தான் போனது. செடிகள் ஒளிச்சேர்க்கையை நிறுத்தினால் தண்ணீருக்கு ஆக்சிஜன் வருவது குறையும். செத்த இலையைத் தின்னும் நுண்ணுயிர்கள் இருப்பதையும் இழுத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து வரும் நேரம் விடியற்காலை. வெப்பம் இதை இன்னும் மோசமாக்கும்: 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். மூன்றுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களுக்குத் திண்டாட்டம். விடிவதற்கு முன் போய்ப் பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மருந்தின் நஞ்சு என்று அதைப் பார்த்தவர்கள் நினைத்தார்கள். மூச்சுத்திணறல்தான் அது. மோட்டாரைப் போட்டு, குளத்துத் தண்ணீரையே எடுத்து உயரத்திலிருந்து மழைபோலத் தெளித்து விழவிட்டோம். இரவு முழுக்க ஓட வேண்டும். பகலில் ஓட்டி இரவில் நிறுத்தினால் பிரயோஜனமில்லை.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. 2,4-டியைத் தின்று சிதைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் தேவை. காற்றுள்ள தண்ணீரில் அது ஓரிரு வாரத்தில் கணிசமாகக் குறையும். காற்றில்லாத கருப்புச் சேற்றில் வெகுநாள் கிடக்கும். ஆகவே மோட்டார் மீனை மட்டும் காப்பாற்றவில்லை.

மடையை உடனே அடைத்தோம். உள்ளே இருந்த தண்ணீரை வடித்துவிட்டு நல்ல தண்ணீர் விடலாமா என்று பேச்சு வந்தது. எல்லாவற்றையும் வடிப்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தத் தண்ணீர் கீழே யாருடைய தோட்டத்துக்கோ போகும். 2,4-டி கலந்த தண்ணீரைத் தக்காளிக்கோ பருத்திக்கோ அவரைக்கோ பாய்ச்சினால் மிகச் சிறிய அளவே போதும், இலை கிண்ணம் மாதிரி குவிந்துவிடும். மருந்து கலக்காத வேறு தண்ணீர் இருந்தால் உள்ளே விட்டு நீர்க்கவைப்பது நல்லது. செறிவு குறைவதும் நேரம் குறைவதும் செடிக்கு ஒன்றுதான். மிரியோஃபில்லத்தில் செய்த சோதனைகளின்படி, லிட்டருக்கு 2 மில்லிகிராம் 2,4-டி ஒரு நாள் நின்றால் ஆகும் கேடு, அரை மில்லிகிராம் மூன்று நாள் நின்றாலும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு ஆகிவிடும். தொட்டியிலோ மீன்காட்சித் தொட்டியிலோ நடந்திருந்தால் கிளர்வூட்டிய கரியைப் போடலாம். அட்ரசின், டையூரான், 2,4-டி எல்லாவற்றையும் அது நன்றாக இழுத்துக்கொள்ளும். கிளைபோசேட்டை அவ்வளவாக இழுக்காது. குளத்துக்குக் கரி போடுவது நடக்கிற காரியமில்லை.

செடி உயிரோடு இருக்கிறதா, தண்ணீர் தேறிவிட்டதா என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் செய்த சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. நான்கு கண்ணாடிப் புட்டிகள். மருந்து படாத வேறு குளத்திலிருந்து ஹைட்ரில்லா நுனிகளும் மிரியோஃபில்லம் நுனிகளும் கொஞ்சம் கொண்டுவந்தேன். பாதிக்கப்பட்ட குளத்திலிருந்தும் அதே நீளத்துக்கு வெட்டி எடுத்தேன். நல்ல செடியை நல்ல தண்ணீரில் ஒன்று, நல்ல செடியைக் கெட்ட தண்ணீரில் ஒன்று, கெட்ட செடியை நல்ல தண்ணீரில் ஒன்று, கெட்ட செடியைக் கெட்ட தண்ணீரிலேயே ஒன்று. எல்லாம் ஒரே வெளிச்சத்தில், நேர்வெயில் சுடாத இடத்தில். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது வேண்டாம். மழைத்தண்ணீரைவிட வேறொரு நல்ல குளத்தின் தண்ணீர் மேல், சத்தும் இருக்கும். இரண்டு வாரம் விட்டுவிட்டு, நீளம், புதுக் கணு, புது வேர், பக்கத்தளிர் எல்லாவற்றையும் பாருங்கள்.

நல்ல தண்ணீரில் போட்ட கெட்ட செடி தளிர்த்தால், செடி உயிரோடுதான் இருக்கிறது, தண்ணீர்தான் இன்னும் தேறவில்லை. கெட்ட தண்ணீரில் போட்ட நல்ல செடி ஒழுங்காக வளர்ந்தால், நஞ்சு போய்விட்டது. குளத்தில் செடி வராததற்கு வேறு காரணம் தேட வேண்டும். எனக்கு முதல் முறை செய்தபோது முதல் விடையும், பிறகு சில வாரம் கழித்துத் திரும்பச் செய்தபோது இரண்டாவது விடையும் கிடைத்தன. அந்த இரண்டாவது விடை வந்த பிறகும் குளம் மீளவில்லை என்பதுதான் இந்த அனுபவத்தில் எனக்கு முக்கியமான பாடம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

புட்டியில் பார்க்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. திருகிப்போன தண்டு திருகியபடியேதான் இருக்கும், நிமிராது. மிரியோஃபில்லத்தின் பழைய நுனிகள் கடைசிவரை கோணலாகவே கிடந்து உதிர்ந்தன. ஆனால் கீழே, மூன்றாவது நான்காவது கணுவிலிருந்து நேரான பக்கத்தளிர் வந்தது. மீட்சியைப் பழைய இலையில் தேடாதீர்கள். புதிதாக வருவது சரியான வடிவத்தில் வருகிறதா என்று பாருங்கள். அல்லியிலும் முதலில் வந்த சில இலைகள் சின்னதாக, மடங்கியபடிதான் வந்தன. அதற்குப் பிறகு வந்தவை சரியாக இருந்தன.

அட்ரசின் மாதிரி மருந்துகளுக்கு இன்னும் வேகமான சோதனை ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செய்ததுதான்: ஹைட்ரில்லாவை வெட்டி, வெட்டுவாய் மேலே இருக்கும்படி தண்ணீரில் தலைகீழாக வைத்து, ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு வெயிலில் வைத்தால் வெட்டுவாயிலிருந்து ஆக்சிஜன் குமிழ்கள் வரும். ஒளிச்சேர்க்கை தடைபட்ட செடியில் குமிழ் நின்றுவிடும், அல்லது எப்போதாவது ஒன்று வரும். நல்ல செடியைப் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மேகம் மறைத்ததைக்கூட மருந்து என்று நினைத்துவிடுவோம். பார்க்கப் பச்சையாக இருந்த எங்கள் ஹைட்ரில்லா அந்த முதல் வாரத்தில் குமிழே விடவில்லை. நல்ல தண்ணீருக்கு மாற்றிய துண்டுகள் சில நாளில் விடத் தொடங்கின.

பயறு முளைக்கவைத்துப் பார்க்கும் சோதனையும் செய்யலாம். இரண்டு தொட்டியில் ஒரே மண், ஒன்றுக்குக் குளத்துத் தண்ணீர், ஒன்றுக்கு நல்ல தண்ணீர். அவரை இனம் 2,4-டியை மிகச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். அட்ரசினுக்கு அவசரப்படக்கூடாது: விதை நன்றாகவே முளைக்கும், விதைக்குள் இருக்கும் சேமிப்பு தீரும்வரை செடி பச்சையாகவே இருக்கும். நிஜ இலைகள் வந்து அவற்றின் ஓரம் மஞ்சளாகத் தொடங்கும்போதுதான் தெரியும். விதை முளைத்ததைப் பார்த்தே தண்ணீர் நல்லது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். முளைப்பதற்கு ஒளிச்சேர்க்கை தேவையில்லையே! குளத்துச் சேற்றையே மண்ணாக வைத்தும் இதைச் செய்து பார்த்தேன். அடியில் என்ன மிச்சம் என்று அது சொல்லும்.

அல்லிக்கு வேறு மாதிரி. சேற்றுக்குள் கைவிட்டு வேர்த்தண்டை அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக இருந்தால் உயிர். கொழகொழவென்று நாற்றத்தோடு கையில் வந்தால் போய்விட்டது. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் சிறு துண்டு வெட்டி அயோடின் ஒரு சொட்டு விட்டால், கருநீலமாக மாறும் அளவை வைத்து மாவுச்சத்து எவ்வளவு மிச்சம் என்று ஒரு யோசனை கிடைக்கும். ஒருமுறை அடிபட்டு ஒருமுறை தளிர்க்க அதில் சேமிப்பு இருக்கும். அந்தத் தளிர் மறுபடி அடிபட்டால், மறுபடி தளிர்க்க மிச்சம் இருக்காது. களை ஒழிப்பவர்கள் இதே தத்துவத்தில்தான் திரும்பத் திரும்ப வெட்டுகிறார்கள். நமக்கு அது எதிர்ப்பக்கம்: முதல் தளிர் வரும் நேரத்தில் இரண்டாவது தவணை மருந்து குளத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேட்டு வயலில் அடுத்த தெளிப்பு எப்போது என்று அந்த நேரத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அழுகிய அல்லியை வேரோடு பிடுங்கிவிடலாம், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பலரும் சொன்னார்கள். மிதக்கும் அழுகலை வலையால் அள்ளி வெளியே போடச் சொன்னேன். அது கட்டாயம் செய்ய வேண்டியது, அள்ளும் ஒவ்வொரு கூடையும் தண்ணீரில் அழுகாத ஒரு கூடை. சேற்றைத் தொட வேண்டாம் என்றேன். சேற்றுக்குள்தான் கிழங்கு, விதை, வேர்முண்டு எல்லாம் இருக்கின்றன. குளத்தின் வங்கிக் கணக்கே அதுதான்.

இனி, நஞ்சு போன பிறகும் குளம் ஏன் மீளவில்லை என்ற விஷயம். செத்த செடிகளிலிருந்த நைட்ரஜனும் பாஸ்பரசும் தண்ணீருக்குள் இறங்கின. அதைக் குடித்து நுண்பாசி பெருகித் தண்ணீர் பச்சைக் கூழாக மாறியது. முழங்கை வரை கையை விட்டால் விரல் தெரியவில்லை. அடியில் முளைக்கும் தளிருக்கு வெளிச்சம் போய்ச் சேரவில்லை. செடிகள் நிறைந்த தெளிந்த குளமும், பாசி நிறைந்த கலங்கல் குளமும் தத்தம் நிலையைத் தாமே காப்பாற்றிக்கொள்ளும் என்று ஆழமில்லாத ஏரிகளை ஆராய்ந்தவர்கள் சொல்வார்கள். செடி இருந்தால் சேறு கிளம்பாது, சத்து மிதக்காது, தண்ணீர் தெளிவாக இருக்கும், அதனால் செடி வளரும். செடி போனால் இந்தச் சங்கிலி முழுக்கத் தலைகீழ். ஆய்வகத்தில் ஒரு செடி 7 நாளில் மீண்டது என்பது போன்ற செய்திகளை நான் அதிகம் நம்பாததற்கு இதுவே காரணம். அங்கே யாரோ ஒருவர் செடியை எடுத்து நல்ல தண்ணீரில் போட்டுவிடுகிறார். குளத்தில் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை.

நாங்கள் செய்தது தண்ணீர்மட்டத்தைக் குறைத்தது. அதற்குள் தண்ணீர் பயறுச் சோதனையில் தேறியிருந்தது, அதனால் வடித்தோம். ஓரத்தில் முழங்கால் அளவு இருந்தது கணுக்கால் அளவானது. வெளிச்சம் சேற்றைத் தொட்டது. முதலில் வந்தது நாங்கள் நட்ட எதுவும் இல்லை. காரா என்ற, செடி மாதிரி நிற்கும் பாசி. கசக்கினால் பூண்டு நாற்றம் அடிக்கும், தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். அதன் வித்துகள் சேற்றுக்குள் பல ஆண்டு தூங்கிக் கிடந்து வெளிச்சம் பட்டதும் எழும். அதைப் பிடுங்கச் சொன்னவர்களையும் தடுத்தேன். காரா அடியில் விரித்த பாயாகப் பரவினால் சேறு கலங்காது, தண்ணீர் தெளியத் தொடங்கும். அப்படித்தான் நடந்தது. சேற்றைக் கிளறும் கெண்டை மீன்களை அந்தச் சமயத்தில் வேறு குளத்துக்கு மாற்றியதும் உதவியது. புல்கெண்டை உங்கள் குளத்தில் இருந்தால் தளிர் வரும் முன்னே எடுத்துவிடுங்கள். அது தின்றுவிட்டு, மருந்துதான் கொன்றது என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம். உரம் மட்டும் போடாதீர்கள். செடி தேறட்டும் என்று நல்லெண்ணத்தில் போடும் உரம் முழுக்க நுண்பாசிக்குத்தான் போகும்.

காராவுக்குப் பின் லெம்னா, அதன்பின் ஹைட்ரில்லா. வாலிஸ்னேரியா ஓடுதண்டுகள் விட்டு மெதுவாக வந்தது. மிரியோஃபில்லம் வேர்முண்டுகளிலிருந்து அங்கங்கே. அல்லி இலை விட்டது, அந்தப் பருவம் பூக்கவில்லை. சம்புக்கு ஆரம்பத்திலிருந்தே பெரிதாக ஒன்றும் இல்லை. தண்ணீர் குறைந்த ஓரச் சேற்றில் அதன் விதைகள் வேறு முளைத்து, அதை இழுத்துப் போடுவதே தனி வேலையாகிவிட்டது.

ஆனால் பழைய குளம் திரும்பவில்லை. முன்பு மிரியோஃபில்லம் இருந்த இடத்தில் பாதிக்கு மேல் இப்போது ஹைட்ரில்லா. 2,4-டி அதைத் தொடவில்லை, அட்ரசினிலிருந்து அது சீக்கிரம் எழுந்தது, சேற்றுக்குள் கிழங்கும் வைத்திருந்தது. எந்த மருந்தும் எல்லாச் செடியையும் ஒரே அளவு அடிப்பதில்லை. கொஞ்சம் குறைவாக அடிபட்டது காலி இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரே இனத்துக்குள்ளும் இது நடக்கும். அமெரிக்காவின் ஃபுளோரிடா ஏரிகளில் ஹைட்ரில்லாவை ஃபுளூரிடோன் என்ற மருந்தால் ஆண்டுக்கணக்கில் கட்டுப்படுத்தி வந்தார்கள். புதுத் தளிரை வெளுக்கவைத்து மெல்லக் கொல்லும் மருந்து அது. பில்லியனில் சில பங்கு போதும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே அந்த அளவுக்கு அசையாத ஹைட்ரில்லா வந்துவிட்டது. அங்குள்ளது பெண்செடி வகை, விதையில்லாமல் துண்டிலும் கிழங்கிலும் பெருகுவது. அப்படி இருந்தும் உடல் செல்லில் நடந்த ஒரு மாற்றத்தால் எதிர்ப்பு வந்து, அந்தக் கொடி மட்டும் பெருகியது. எது மீள்கிறது என்பதை மருந்துதான் தேர்ந்தெடுக்கிறது.

மேட்டு வயலுக்கும் மடைக்கும் நடுவில் இப்போது அடர்ந்த புல் பட்டை ஒன்று விட்டிருக்கிறார்கள். அட்ரசின் மாதிரி தண்ணீரோடு ஓடுவதை அது முழுக்கத் தடுக்காது, ஓட்டத்தின் வேகத்தைக் குறைத்து மண்ணுக்குள் இறங்கவைக்கும்; மண்ணோடு ஒட்டி வரும் மருந்துகளை நன்றாகவே பிடிக்கும். தெளிக்கும் நாளுக்கு முன் வயல்காரர் தகவல் சொல்கிறார். தெளித்த பின் வரும் முதல் பெருமழைக்கு மடையை அடைத்து, அந்தத் தண்ணீரைப் பக்கத்துப் பள்ளத்தில் தேக்கிவிடுகிறோம். இரண்டாவது மழையிலிருந்து திறக்கிறோம்.

ஹைட்ரில்லாவைக் கையால்தான் குறைக்கிறோம். அதை அறுக்கக்கூடாது, ஒவ்வொரு கணுவும் தனிச் செடியாகிவிடும். அடியோடு சேர்த்து மெதுவாக இழுத்து, அறுந்து மிதக்கும் துண்டுகளைச் சிறுகண் வலையால் அன்றைக்கே அரித்து எடுத்து, கரையிலிருந்து தள்ளிக் காயவைக்கிறோம். காலியான இடத்தில், நல்ல குளத்திலிருந்து கொண்டுவந்த மிரியோஃபில்லம் நுனிகளை ஆழமில்லாத ஓரத்தில் கொத்துக் கொத்தாக ஊன்றுகிறோம். போன முறை ஊன்றியதில் பாதிதான் பிடித்தது. தண்ணீர் கலங்கலாக இருந்த பக்கம் ஒன்றும் வரவில்லை. இந்த முறை காரா பரவிய பக்கத்தில் மட்டும் ஊன்றியிருக்கிறோம்.